விட்டுக்கொடுத்த புள்ளிகள் யார் கணக்கில்?

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில், ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் மூன்று சீசன் வேலை பார்த்தேன். புள்ளியியல் படித்த கையோடு கிடைத்த வேலை. ஆட்டத் தரவுகளைத் தொகுத்துப் பயிற்சியாளர்களுக்குக் கொடுப்பதுதான் என் பொறுப்பு. அங்கே கால்பந்து என்றால் நாம் உதைத்து விளையாடும் ஆட்டம் இல்லை. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு 100 கெஜ மைதானத்தில் முட்டி மோதி முன்னேறும் ஆட்டம். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச் டவுன், 6 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னொரு புள்ளி. டச் டவுன் கிடைக்காது என்று தோன்றினால் தூரத்திலிருந்தே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம், அது ஃபீல்ட் கோல். பந்தைக் கொண்டுபோக ஒரு குழு, எதிரணியைத் தடுக்க வேறொரு குழு, தடுக்கும் குழுதான் டிஃபென்ஸ். இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதல் சீசன் முடிந்ததும் ஒரு அறிக்கை கேட்டார்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் (கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் போட்டியிடும் கல்லூரிகளின் குழு) எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் புள்ளிகளுக்கும் வெற்றிக்கும் என்ன தொடர்பு? கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை மட்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. சீசன் தொடக்கத்தில் பெரிய கல்லூரிகள் பணம் கொடுத்துச் சின்னக் கல்லூரிகளை வரவழைத்து ஆடுவார்கள். அதில் எதிரணி பெரும்பாலும் மூன்று, ஏழு புள்ளிகளோடு திரும்பிப் போகும், சராசரி பளபளவென்று தெரியும். கான்ஃபரன்ஸில் வருடாவருடம் மோதும் 8 அல்லது 9 ஆட்டங்கள்தான் உண்மையான பரீட்சை.

கிடையாக விட்டுக்கொடுத்த புள்ளிகள், செங்குத்தாக வெற்றிகள் என்று படம் போட்டேன். இடது மேலிருந்து வலது கீழாகப் படத்தின் பொட்டுகள் அழகாக இறங்கின. நடுவில் ஒரு கோடு இழுத்து, ‘டிஃபென்ஸ் இவ்வளவு குறைத்தால் இத்தனை வெற்றி கூடும்’ என்று கீழே எழுதினேன். அந்த வரியில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

கூட்டம் முடிந்த பிறகு டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஒருவர் அந்தத் தாளோடு என் மேசைக்கு வந்தார். அறுபதை நெருங்குபவர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் தோற்ற ஓர் ஆட்டத்தின் வீடியோவைப் போடச் சொன்னார். எதிரணியின் முதல் டச் டவுன், எங்கள் குவார்ட்டர்பேக் எறிந்த பந்தை அவர்கள் இடைமறித்து ஓடி எடுத்தது. அப்போது எங்கள் டிஃபென்ஸ் வீரர்கள் மைதானத்திலேயே இல்லை, ஓரத்துப் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது, பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விடும் எங்கள் பன்ட்டை அவர்கள் தடுத்துவிட, எங்கள் எல்லைக்கு 6 கெஜ தூரத்தில் பந்து அவர்கள் கைக்குப் போனதால் வந்தது. இரண்டையும் டிஃபென்ஸ் பெயரில்தான் எழுதியிருந்தேன். “இந்தத் தாளை நான் அந்தப் பையன்களிடம் காட்ட வேண்டும்” என்றார் அவர். வேறு எதுவும் சொல்லவில்லை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறைவாக விட்டுக்கொடுக்கும் அணி அதிகம் ஜெயிக்கிறது என்பது உண்மைதான், ஆனால் எது எதற்குக் காரணம் என்பதில் நான் அவசரப்பட்டுவிட்டேன். முன்னிலையில் இருக்கும் அணி பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கரைக்கும், எதிரணிக்கு வாய்ப்பு குறையும். பின்தங்கிய அணி துணிந்து நீளமாக எறியும், பந்தைப் பறிகொடுக்கும், எதிரணி கடக்க வேண்டிய தூரம் குறையும், இன்னும் புள்ளிகள் போகும். அதாவது ஜெயிப்பதாலும் விட்டுக்கொடுப்பது குறைகிறது. அதை ஒரு கோட்டால் காட்ட முடியாது.

அப்புறம் பழைய கணக்குகளை எடுத்து உட்கார்ந்தேன். 2018இல் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி எஸ்இசி கான்ஃபரன்ஸின் 8 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 203 புள்ளிகள், ஆட்டத்துக்குச் சராசரி 25.4. சுமாரான டிஃபென்ஸ் என்று தோன்றும். ஆனால் அதில் ஒரு ஆட்டம், நவம்பர் 24 அன்று டெக்சஸ் ஏ&எம் அணியிடம் 74-72 என்று தோற்றது. வழக்கமான நேரம் முடிந்தபோது 31-31. மீதி எல்லாம் ஏழு கூடுதல் சுற்றுகளில் வந்தவை. அப்போதைய விதிப்படி அந்தச் சுற்றுகளில் பந்தை எதிரணியின் 25 கெஜக் கோட்டில் வைத்தே தொடங்கினார்கள். அந்தச் சுற்றுகளில் விட்ட 43 புள்ளிகளைக் கழித்தால் சராசரி சரியாக 20. எட்டே ஆட்டங்கள் என்பதால் ஒரே ஒரு இரவு ஒரு சீசனின் முகத்தையே மாற்றிவிடுகிறது.

அதே ஆண்டில் பிக் 12 கான்ஃபரன்ஸில் ஓக்லஹோமா. அக்டோபரில் டெக்சஸிடம் 48-45 என்று தோற்றதும் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் மைக் ஸ்டூப்ஸை நீக்கினார்கள். நவம்பரில் என்ன ஆயிற்று? 51-46, 48-47, 55-40, 59-56. நான்கு ஆட்டங்களிலும் 40க்குக் குறையாமல் விட்டுக்கொடுத்தார்கள், நான்கிலும் ஜெயித்தார்கள். அவர்களுடைய குவார்ட்டர்பேக் கைலர் மர்ரே அந்த அளவுக்கு ஆடினார். டெக்சஸுடன் மறுபடி மோதிய இறுதியாட்டத்திலும் ஜெயித்து கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் எடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான அணியை என் கடைசி சீசனான 2023இல் பார்த்தேன். பிக் டென் கான்ஃபரன்ஸில் அயோவா. 9 ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது 131 புள்ளிகள், விட்டுக்கொடுத்தது 109. ஜெயித்தது ஏழு. 10-7, 15-13, 13-10 என்றெல்லாம் ஸ்கோர்கள். அந்த 109க்கு டிஃபென்ஸை மட்டும் பாராட்டினால் போதாது. டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியர் அந்த சீசனில் 93 முறை பன்ட் அடித்து 4,479 கெஜம் சேர்த்தார், அது கல்லூரிக் கால்பந்தில் சாதனை. அவர் உதைத்து உதைத்து எதிரணியை மூலைக்குத் தள்ள, அவர்கள் ஒவ்வொரு தடவையும் நெடுந்தூரம் வர வேண்டியிருந்தது. அப்படியும் மின்னசோட்டா ஒரு டச் டவுன்கூட இல்லாமல், நான்கே ஃபீல்ட் கோல்களால் 12-10 என்று அவர்களைத் தோற்கடித்தது. ஒரு டச் டவுன்கூட விடாமல் தோற்ற அந்த டிஃபென்ஸ் வீரர்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த ஒரு எளிய சூத்திரம் உண்டு. எடுத்த புள்ளிகளின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் விட்டதன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுத்தால், எத்தனை பங்கு வெற்றி எதிர்பார்க்கலாம் என்று வரும். அயோவாவுக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்பதில் 5.3 வெற்றி. ஓக்லஹோமா எடுத்தது 464, விட்டது 338, அதற்கு 5.9. அயோவா நிஜத்தில் ஜெயித்தது ஏழு, ஓக்லஹோமா எட்டு. ஆட்டத்துக்கு 12 புள்ளி விட்ட அணியும் 38 புள்ளி விட்ட அணியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கணக்கைத் தாண்டியிருக்கின்றன. இரண்டுமே நெருக்கமான ஆட்டங்களைத் தக்கவைத்துக்கொண்ட அணிகள். இதைக் கண்டுபிடித்த அன்று எழுந்து போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

இரண்டாவது சீசனிலிருந்து என் அட்டவணை மாறியது. விட்டுக்கொடுத்த புள்ளிகள் என்ற ஒற்றைப் பத்தி போய், ஒவ்வொரு டிரைவுக்கும், அதாவது எதிரணி பந்தைப் பெற்று முன்னேறும் ஒவ்வொரு முயற்சிக்கும், ஒரு வரிசை வந்தது. பந்து எங்கே தொடங்கியது, அப்போது ஸ்கோர் என்ன, டிஃபென்ஸ் களத்தில் இருந்ததா, கூடுதல் சுற்றா. ஆட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார வேண்டியிருந்தது. யாரும் இதைக் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். 2023இல், முதல் டவுன் எடுத்தாலும் (10 கெஜம் முன்னேறிப் புது வாய்ப்பு பெற்றாலும்) பெரும்பாலான நேரம் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று விதி மாறியபோது எனக்குப் பெரிய சிரமம் இல்லை. ஆட்டத்தில் வாய்ப்புகள் குறைந்தாலும், ஒரு டிரைவுக்கு எத்தனை புள்ளி என்பதை முந்தைய ஆண்டோடு ஒப்பிட முடிந்தது.

அந்த ஞாயிறுகளில் மாலை ஐந்து மணி வாக்கில் அந்தப் பயிற்சியாளர் காபியோடு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். திரையில் ஏதாவது ஒரு டச் டவுனைச் சுட்டிக்காட்டி, இது எங்கே தொடங்கியது என்று கேட்பார். எங்கள் 18 கெஜத்தில் என்பேன். தலையசைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பார். அது எதிரணியின் 25இல் தொடங்கியது, 75 கெஜம் வந்திருக்கிறார்கள் என்றால், கோப்பையை மேசையில் வைத்துவிட்டு நாற்காலி இழுத்து உட்காருவார். “சரி, இது எங்களுடையது. போடு, பார்ப்போம்.”