சமையலறை ரேடியோவிலிருந்து தொடங்குங்கள்: இங்கிலாந்தில் ஓர் ஐரிஷ் சமூக வானொலியைத் திட்டமிட்ட அனுபவம்

2023 ஏப்ரல் 14 அன்று அயர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிஇ தன் நெட்டலை (லாங் வேவ்) ஒலிபரப்பை நிறுத்தியது. 252 கிலோஹெர்ட்ஸில் வந்த அந்த அலை ஐரிஷ் கடலைத் தாண்டி இங்கிலாந்தின் பெரும்பகுதியை எட்டிக்கொண்டிருந்தது. மத்திய அலை 567 அதற்கும் முன்பே, 2008 மார்ச்சில், போய்விட்டது. கட்டட வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் 1950களிலும் 60களிலும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு, ஊர்க் குரலைக் கேட்க இருந்த எளிய வழி அதோடு அடைபட்டது. இணையத்தில் கேட்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். குமிழைத் திருகினால் பாடும் பெட்டியோடு வாழ்ந்தவருக்கு அது பதிலே அல்ல.

மிட்லாண்ட்ஸ் பகுதி நகரம் ஒன்றில் இந்தச் சமூகத்துக்கென ஒரு சிறு வானொலியைத் திட்டமிட்டதில் உரிமம், தொழில்நுட்பம், அட்டவணை ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டவர்களின் குறிப்பு இது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

முதலில் செய்ய வேண்டியது விண்ணப்பம் நிரப்புவதல்ல, ரேடியோக் கணக்கெடுப்பு. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தம்மை ‘வெள்ளை ஐரிஷ்’ என்று பதிந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 7 ஆயிரம் பேர். இவர்களில் முதியவர்களின் பங்கு மிக அதிகம். ஆகவே ஐரிஷ் மன்றத்திலும், ஞாயிறு பூசை முடிந்து தேநீர் குடிக்கும் இடத்திலும், முதியோர் குடியிருப்பிலும் தாளோடு போய் மூன்றே கேள்வி கேளுங்கள். வீட்டில் எந்த அறையில் ரேடியோ இருக்கிறது? அதன் முகப்பில் என்ன எழுதியிருக்கிறது? எத்தனை மணிக்குப் போடுவீர்கள்? ‘ஐரிஷ் வானொலி வந்தால் கேட்பீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது கேள்விதான் மொத்தத் திட்டத்தையும் முடிவு செய்கிறது. பல நகரங்களில் புதிய எஃப்.எம். அலைவரிசைக்கு இடமில்லை. இருக்கும் சமூக எஃப்.எம். நிலையங்களும் பெரும்பாலும் 25 வாட் அளவில், சுற்றிலும் 5 கிலோமீட்டர் கேட்டால் அதிகம். விழாக் காலத்துக்கென 28 நாள் வரை தரும் குறுகியகால உரிமம் ஒன்று உண்டு. பழகிப்பார்க்க அது நல்லது. நிரந்தரமாக ஒலிபரப்ப நடைமுறையில் உள்ள வழி சிறு பரப்பு டிஏபி, அதாவது ஒரு நகர அளவிலான டிஜிட்டல் வானொலி. ஒரு நகரத்துக்கு ஒரு மல்டிபிளெக்ஸ் (பல நிலையங்களை ஒரே அலையில் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு), அதில் இருபது முப்பது சிறு நிலையங்கள் இடம் பகிர்ந்துகொள்ளும். கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் 2020 முதல் இந்த மல்டிபிளெக்ஸ் உரிமங்களைச் சுற்றுச் சுற்றாக வழங்கி வருகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த மல்டிபிளெக்ஸ்களில் ஒலிப்பது பெரும்பாலும் டிஏபியின் புதிய வடிவமான டிஏபி பிளஸ். பழைய டிஏபி பெட்டிகள் பலவற்றுக்கு அது புரியாது. நிலையத்தின் பெயர் பட்டியலில் தெரியும், அழுத்தினால் சத்தம் வராது. சிலவற்றில் பெயரே தெரியாது. கேட்பவர் நிலையம் செத்துவிட்டது என்றே நினைப்பார், உங்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார். பிள்ளைகள் பதினைந்து வருடம் முன்பு கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தந்த பெட்டிகள் இந்த வகையில் நிறைய. அதனால் வரவுசெலவுத் திட்டத்தில் டிரான்ஸ்மிட்டருக்குப் பணம் ஒதுக்கத் தேவையில்லை (அது மல்டிபிளெக்ஸ்காரர் பாடு). பெரிய பொத்தான் வைத்த டிஏபி பிளஸ் பெட்டிகளை வாங்கி, முதல் பொத்தானில் நிலையத்தைப் பதிந்து, வீட்டுக்கே கொண்டுபோய் வைக்கப் பணம் ஒதுக்குங்கள். எங்கள் பார்வையில் மொத்தத் திட்டத்தில் மிகப் பயனுள்ள செலவு அதுதான். பெட்டியை வைக்கும்போதே சமையலறையில், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், அலை வருகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் நிறம் பூசிய இடமெல்லாம் தரைத்தள வீட்டுக்குள் கேட்கும் என்று நம்ப வேண்டாம்.

உரிம வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேண்டியது சமூக டிஜிட்டல் ஒலிச்சேவை உரிமம். விண்ணப்பக் கட்டணம் 250 பவுண்டு. தனிநபர் பெயரில் கிடையாது, லாப நோக்கமில்லாத பதிவு நிறுவனம் வேண்டும். அரசியல் கட்சி எடுக்க முடியாது. யாருக்காக, அவர்களுக்கு என்ன நன்மை, நிலையத்தை நடத்துவதில் அவர்களுக்கு என்ன பங்கு, குறை இருந்தால் யாரிடம் சொல்வது என்று எழுத வேண்டும். இந்தப் பதில்களின் சாரம் ‘முக்கிய உறுதிமொழிகள்’ என்ற பெயரில் உரிமத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்வக் கோளாறில் ஐரிஷ் மொழியில் தினம் இரண்டு மணி நேரம், இளைஞர் பயிற்சி வாரம் மூன்று என்று அள்ளி வீசாதீர்கள். எழுதியதைச் செய்யாவிட்டால் அது உரிம மீறல். காய்ச்சலிலும் விடுமுறையிலும் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் எழுதுங்கள்.

மல்டிபிளெக்ஸ்காரரோடு பேசும்போது பேரம் பிட் அளவில்தான், அதாவது நொடிக்கு எத்தனை கிலோபிட் என்பதில்தான், நடக்கும். ஒரு மல்டிபிளெக்ஸின் மொத்தக் கொள்ளளவு 864 அலகு. வழக்கமான பிழைக்காப்பில் 32 கிலோபிட் நிலையம் 24 அலகும், 48 கிலோபிட் நிலையம் 36 அலகும் எடுக்கும். மலிவு என்று 32 ஸ்டீரியோவைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பேச்சுக்கு அது தாங்கும். ஆனால் இந்த நிலையத்தின் உயிர் பிடில், பட்டன் அக்கார்டியன், ஐரிஷ் பைக்குழலான இல்லன் பைப். பைப்பின் ஆதாரசுருதி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். குறைந்த பிட்டில் அது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் குழையும், அக்கார்டியனின் மேல் சுரங்களில் ஒரு கரகரப்பு சேரும். 48 ஸ்டீரியோ கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 32 மோனோவுக்குப் போங்கள்; சமையலறைப் பெட்டியில் ஒரே ஸ்பீக்கர்தான், ஸ்டீரியோ இல்லாததை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அதைவிட அதிகம் கெடுப்பது சுருக்கிய ஒலியை மறுபடி மறுபடி சுருக்குவது. பாட்டு 128 கிலோபிட் எம்பி3 ஆக இருந்து, ஸ்டூடியோவிலிருந்து இன்னொரு எம்பி3 ஸ்ட்ரீமாகப் போய், மல்டிபிளெக்ஸ் அதை மறுபடி டிஏபி பிளஸின் ஒலி வடிவமான ஏஏசிக்கு மாற்றினால் மூன்று தடவை அரைத்த மாவுதான். பாடல் கோப்புகளைச் சிடியிலிருந்து தரம் குறையாத ஃப்ளாக் வடிவில் எடுத்து வையுங்கள். டிஏபி பிளஸ் குறியாக்கத்தை ஸ்டூடியோவிலேயே செய்து இடிஐ (டிஏபி தரவை இணையத்தில் அனுப்பும் முறை) வழியாக நேரே அனுப்ப மல்டிபிளெக்ஸ்காரர் இடம் தருவாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். இதற்கான ஓப்பன் டிஜிட்டல் ரேடியோ மென்பொருள்கள் இலவசம்.

நிலையத்தின் பெயர் பெட்டித் திரையில் 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். ஐரிஷ் மொழிப் பெயர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வைப்பதற்கு முன் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் நான்கு பேரை விட்டு அந்தப் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். அதற்குப் புரியாவிட்டால் ஆங்கிலத்தில் துணைப்பெயர் ஒன்று தேவை. பாட்டின் பெயர் போன்றவற்றைக் காட்டத் திரையில் ஓடும் எழுத்துக்கான வரம்பு 128 பைட். ஐரிஷ் உயிரெழுத்துகளின் மேல்கோடு எழுத்துமுறை அமைப்பு தவறினால் குப்பையாகத் தெரியும். கலைஞர் பெயரைச் சிதைத்துக் காட்டும் நிலையத்தைச் சமூகம் மன்னிக்காது.

ஸ்டூடியோவுக்குப் பெரிய இடம் வேண்டாம். மன்றத்தின் பின்னறை ஒன்று போதும், ஆனால் மதுக்கூடத்தோடு சுவரைப் பகிரும் அறை வேண்டாம். பீர் குளிர்விக்கும் கம்ப்ரஸரின் உறுமலை எந்தப் பஞ்சும் தடுக்காது. 100 மில்லிமீட்டர் பாறைக் கம்பளி (ராக் வூல்) பலகைகளைத் துணி போர்த்தி, பேசுபவரின் முன்சுவரிலும் கூரையிலும் மாட்டினாலே எதிரொலி அடங்கிவிடும். கண்டென்சர் மைக் வாங்காதீர்கள், அறையில் உள்ளதையெல்லாம் அது பிடிக்கும். மூன்று டைனமிக் மைக், அதற்கான கைகள், மூன்று மூடிய ஹெட்போன்.

பணத்தை எங்கே கொட்டலாம் என்றால் தொலைபேசி இணைப்பில். இந்த நிலையத்தின் பாதி நிகழ்ச்சி நேயர் அழைப்புதான். அழைப்பவருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் மற்ற எல்லாம் இருக்கலாம், அவருடைய சொந்தக் குரல் இருக்கக் கூடாது. மிக்ஸரில் இதற்கென ‘மிக்ஸ் மைனஸ்’ வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் தன் குரலே அரை நொடி தாமதமாகக் காதில் விழ, அழைத்தவர் குழம்பிப் பேச்சை நிறுத்திவிடுவார். வீட்டு ரேடியோவை அணைக்காமல் அழைப்பவர்களுக்கும் இதே கதி, எனவே அழைப்பை எடுப்பவரின் முதல் வாக்கியம் ‘ரேடியோவைக் குறைத்துவிட்டீர்களா?’ என்றே இருக்கட்டும்.

இனி அட்டவணை. நிலையங்கள் படுப்பது பெரும்பாலும் இங்கேதான். ஒரு மணி நேரப் பேச்சு நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு வேண்டும் என்று வைத்துக்கொண்டு, கையிலிருக்கும் தன்னார்வலர்களை எண்ணுங்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பேர், வெளியே ஒரு மாற்று ஆள். வரும் கணக்கில் பாதியை மட்டும் நேரலையாக வையுங்கள். நடைமுறையில் காலை இரண்டு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், ஞாயிறு சற்றுக் கூடுதல். மிச்சம் தானியங்கி இசை. வெறும் இசை ஓடும் நிலையம் சோம்பேறித்தனமாகத் தோன்றலாம். ஆனால் சொன்ன நேரத்தில் சொன்ன குரல் வருவதுதான் முதியவர்களுக்கு முக்கியம்.

அந்த மாலை ஒரு மணி நேரத்தில் தவறவே கூடாத பகுதி மரண அறிவித்தல். மாயோவின் மிட்வெஸ்ட் ரேடியோ, டொனகாலின் ஹைலேண்ட் ரேடியோ போன்ற ஊர் நிலையங்கள் இதை வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இவர்கள். லண்டன் தமிழ் வானொலிகளைக் கேட்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அயர்லாந்தில் அடக்கம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். காலையில் மட்டும் வாசித்தால் அன்றைய விமானம் போயிருக்கும். மாலை வாசித்தால் மறுநாள் காலை மாயோவில் உள்ள நாக் விமான நிலையத்துக்கு டிக்கெட் எடுக்க ஓர் இரவு கிடைக்கும்.

இதற்குச் சில கறாரான விதிகள் வேண்டும். தகவலை இறுதிச்சடங்கு நிறுவனத்திடமிருந்தோ அயர்லாந்தின் மரண அறிவித்தல்களுக்கான ஆர்ஐபி இணையதளத்தில் வெளியானதிலிருந்தோ மட்டும் எடுங்கள். நேயர் தொலைபேசியில் சொன்னதை ஒருபோதும் வாசிக்காதீர்கள். பெயர், பெண்களுக்குத் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், மாவட்டம், அதற்குள் சிற்றூர் எல்லாம் இருக்க வேண்டும். டொனகாலில் மேரி கல்லாகர் என்று மட்டும் சொன்னால் பல வீடுகளில் கலவரம்தான். உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பூசை எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறை என்பதும் சேரட்டும். ‘வீட்டில் குடும்பத்தினர் மட்டும்’ என்ற வரி இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். விட்டால் துக்க வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். ஊர்ப் பெயர் உச்சரிப்பை அந்த மாவட்டத்துக்காரர் ஒருவரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னணி இசை வேண்டாம்.

அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் இல்லாமல் ஞாயிறு இல்லை. ஆனால் போட்டி வர்ணனைக்கு உரிமை வேண்டும், அதைச் சிறு நிலையம் எதிர்பார்க்க முடியாது. முடிவுகளும், போட்டி முடிந்ததும் மன்றத்திலிருந்து நேரடி அரட்டையும் வையுங்கள். வர்ணனையைவிட அதில் சுவை கூடுதல்.

இசை உரிமத்துக்குப் பாடலாசிரியர் பக்கம் ஒன்று, ஒலிப்பதிவு பக்கம் ஒன்று என இரண்டு அமைப்புகளிடம் போக வேண்டும். இணைய ஒலிபரப்பைத் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். மரபு மெட்டுக்கு உரிமையாளர் இல்லை என்று நினைத்துப் பதிவேட்டை விட்டுவிடுவார்கள். மெட்டு பொதுச்சொத்தாக இருந்தாலும் அதன் இசைக்கோர்ப்புக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமை உண்டு. கெய்லி (ஐரிஷ் நடன இசை) இசைத்தட்டுகளில் ஒரே தடத்தில் மூன்று மெட்டு அடுத்தடுத்து வரும். மூன்றையும் பதிய வேண்டும். மன்றத்தில் நீங்களே பதிவுசெய்த இசையானால் ஒலிப்பதிவுப் பக்கத்துக்கு வாசித்தவர்களின் எழுத்துச் சம்மதம் போதும், எனவே சீக்கிரமே அப்படி ஒரு சேமிப்பைத் தொடங்குங்கள்.

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் 42 நாள் சேமித்து வைப்பது கட்டாயம். கோப்பு உருவாகிறதா என்று பார்ப்பது போதாது, வாரம் ஒருமுறை திறந்து கேளுங்கள். மௌனத்தை நேர்த்தியாகப் பதிந்துகொண்டிருக்கும் கணினிகள் உண்டு. அரசியலில், சிறு நிலையங்களுக்கான விதி ஒரு தரப்புக்கு மட்டும் மிகையான இடம் தரக் கூடாது என்பது. அது நிலையத்தின் மொத்த ஒலிபரப்பையும் வைத்துப் பார்க்கப்படும். வட அயர்லாந்து பற்றி யார் எப்போது பேசினார்கள் என்று ஓர் ஏடு வைத்திருந்தால் புகார் வரும்போது கை நடுங்காது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் கிளர்ச்சிப் பாடல்களுக்குத் தடை இல்லை. நள்ளிரவுத் தானியங்கிப் பட்டியலில் அவை முன்பின் இல்லாமல் ஒலிப்பதுதான் சிக்கல். பேசி அறிமுகம் செய்யும் நிகழ்ச்சியில் மட்டும் போடுங்கள்.

முதியவர்கள் மைக் முன்னால் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐஆர்ஏவின் வேலை என்று கருதப்பட்ட 1974 நவம்பர் 21 பர்மிங்காம் குண்டுவெடிப்புக்குப் பிறகு பேருந்தில் தம் உச்சரிப்பு வெளியே தெரியாமல் வாயை மூடிக்கொண்ட தலைமுறை அது. அந்த நகரத்தில் புனித பேட்ரிக் அணிவகுப்பே 1996 வரை மறுபடி நடக்கவில்லை. பதிவுசெய்து, அவர்களுக்கே போட்டுக்காட்டி, பிறகு ஒலிபரப்பச் சம்மதம் வாங்குங்கள். நேரலைக்கு அவர்களாகவே வருவார்கள்.

தொடக்க நாளாகப் புனித பேட்ரிக் நாளான மார்ச் 17ஐ எல்லோரும் சொல்வார்கள். வேண்டாம். அன்று அறிவிப்பாளர்கள் அணிவகுப்பில் இருப்பார்கள், நேயர்கள் தெருவில் இருப்பார்கள், ஸ்டூடியோ இருக்கும் மன்றத்தில் காது கேட்காது. ஜனவரி நடுவில் சத்தமில்லாமல் தொடங்குங்கள். ஒலி முப்பது நொடி நின்றால் மாற்றுப் பட்டியலுக்குத் தாவும் மென்பொருளையும், வேலை செய்யாத பெட்டிகளைப் பற்றி வரும் அழைப்புகளையும் பிப்ரவரி முடிவதற்குள் சரிபார்த்துவிடலாம்.