ஷகாலின் 'வெர்வ்' பைபிள் தாள்கள்: லூப்பும் பட்டியலும் வைத்துப் பார்த்தது

ஓவியர் மார்க் ஷகாலின் லித்தோகிராஃப், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்ட படங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது பென்சில் கையெழுத்தை. போலி செய்ய எளிதானதும் அதுதான். அதனால் கையெழுத்தே இல்லாத தாள்களிலிருந்து தொடங்கினோம்: டெரியாட் பாரிசில் வெளியிட்ட 'வெர்வ்' இதழின் பைபிள் சிறப்பிதழ்கள், 1956 ஒன்று, 1960 ஒன்று. இரண்டுக்கும் கல்லச்சு பாரிசின் மூர்லோ அச்சுப் பட்டறையில் நடந்தது. தாள் ஏறத்தாழ 35 × 26 செ.மீ.

1960 இதழ் பழகுவதற்கு மிக நல்லது. அதில் 24 வண்ண லித்தோகிராஃப்களும், கோட்டோவியங்களை ஹீலியோகிராவூர் (ஒளிப்படம் வழியாகக் குடைந்த உலோகத் தகட்டு அச்சு) முறையில் அச்சிட்ட 96 படங்களும் உள்ளன. இரண்டையும் 10 மடங்கு லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) அடுத்தடுத்துப் பாருங்கள். கிராவூரில் நுண்ணிய வலைக்கண் ஒரே இடைவெளியில் ஓடும். லித்தோவில் அந்த ஒழுங்கு இருக்காது. கிரேயான் கல்லின் சொரசொரப்பில் பட்ட இடத்தில் மட்டும் மை ஒட்டியிருக்கும். புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, மணல் சிதறியதுபோல. மஞ்சள் மேல் நீலம் ஏறிய இடத்தில் பச்சை தெரியும், ஓரத்தில் மஞ்சள் அரை மில்லிமீட்டர் பிதுங்கி நிற்கும். சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள் பூ வட்டமாகக் கூடியிருந்தால் அது ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த மறுபதிப்பு; வாங்க வேண்டாம்.

தாளைத் திருப்புவதும் முக்கியம். 1960 வண்ணத் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு கருப்பு லித்தோ இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அதன் கோடுகள் முகம் வரை மங்கலாகத் தெரியும், அது குறையல்ல. ஃப்ரேம் போட்டு விற்பதை வாங்கும் முன் பின்பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அட்டையில் முழுதாக ஒட்டிவிட்டிருந்தால் பின்பக்கப் படம் போயிற்று, விலையும் பாதி போயிற்று. இன்னொன்று: பின்பக்கம் கருப்புப் படம் உள்ள இதழ்த் தாளில் பென்சில் கையெழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். கையெழுத்திட்ட பதிப்பு அகல ஓரத்துடன் தனியாக அச்சானது.

லூப் கைவிடும் இடமும் உண்டு. மூர்லோ பட்டறையின் சார்ல் சோர்லியே, ஷகாலின் ஓவியங்களைப் பார்த்துத் தன் கையால் கல்லில் வரைந்தார். 1967இல் வந்த 'நீஸ், கோட் தசூர்' (தென் பிரான்சுக் கடற்கரை) வரிசை அப்படிப்பட்டது. அதுவும் உண்மையான கல்லச்சு. லூப்பில் அதே மணல்தான் தெரியும். கல்லில் வரைந்தது யார் என்று அங்கே சொல்வது ஆறு தொகுதிகளாக வந்த 'ஷகால் லித்தோகிராஃப்' பட்டியல்தான். விற்பவர் தரும் பட்டியல் எண், அளவு, தாள் வகை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் நிறுத்திவிடுங்கள்.

எண்ணிட்ட பதிப்புக்குப் போகும்போது 23/75 என்றால் 75 பிரதிகளில் 23ஆவது. சின்ன எண் உசத்தி என்பது தவறு. எண் போட்ட வரிசை அச்சிட்ட வரிசை அல்ல. E.A. ஓவியருக்கான பிரதி, H.C. விற்பனைக்கு வைக்காத பிரதி.

மாட்டுவதில்தான் அதிகம் கெடுகிறது. செலோடேப் வேண்டவே வேண்டாம், சில வருடங்களில் அதன் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்பாகும். படத்தைப் பின்னட்டையில் பிடிக்க மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் பட்டைகள், கோதுமை ஸ்டார்ச் பசையால். ஒரு பங்கு ஸ்டார்ச், ஐந்து பங்கு தண்ணீர், சிறு தீயில் 20 நிமிடம் கிளறி ஆறவைத்து வடிகட்ட வேண்டும். ஸ்டார்ச்சுக்குப் பதில் மைதா போடக் கூடாது, அதிலுள்ள புரதம் பூச்சியைக் கூப்பிடும். பசை நீர்த்திருந்தால் விளிம்பு அலை அலையாக நெளியும்; அதனால் பட்டையில் மெல்லப் பூசி, உடனே ஒற்றுத்தாள் வைத்துப் பளுவின் கீழ் ஒரு மணி நேரம். பட்டை படத்தின் தாளைவிட மெல்லியதாக இருக்க வேண்டும், இழுபட்டால் பட்டைதான் கிழிய வேண்டும்.

படம் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் பருத்தி மாட் போர்டு (சன்னல் வெட்டிய அட்டை) வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், பழுப்புப் புள்ளிகள் வரும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். மழைக்காலத்தில் ஃப்ரேமைக் கழற்றி, அமிலமற்ற தாளில் சுற்றிப் பெட்டியில் படுக்கவைத்து, சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் கூடவே போடுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.