எஃப்.டி.பி.: லாகின் ஆகிறது, கோப்பு லிஸ்ட் மட்டும் வரவில்லையா?

1971 ஏப்ரலில் எம்.ஐ.டி.யின் அபய் பூஷண் எழுதிய ஆர்.எஃப்.சி. 114 என்ற இணைய நெறிமுறை ஆவணம்தான், கணினிகளுக்கிடையே கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி.யின் தொடக்கம். இன்று புழக்கத்தில் இருப்பது 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 959. கட்டளைக்கு ஓர் இணைப்பு (போர்ட் 21), தரவுக்குத் தனி இணைப்பு. தலைவலியெல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

ஆக்டிவ் முறையில் தரவு இணைப்பைத் தொடங்க சர்வரே நம் கணினியைத் தேடி வரும், வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் விடாது. நாமே சர்வரைத் தேடிப் போகும் பாஸிவுக்கு மாற்றினால், சர்வர் தரும் 227 என்ற பதிலில் ஆறு எண்கள் வரும். முதல் நான்கு ஐ.பி. முகவரி, கடைசி இரண்டு போர்ட். 195,80 என்றால் 195×256+80, அதாவது 50000. வெளியூர் சர்வர் 192,168 என்று தொடங்கும் முகவரியைத் தந்தால், அது வெளியிலிருந்து எட்ட முடியாத தன் உள்முகவரியை உளறுகிறது. சர்வர் அமைப்பில் வெளிமுகவரியைக் கொடுத்து, பாஸிவ் போர்ட் வரம்பையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். பாஸிவுக்கான புதிய கட்டளையாக 1998-இல் வந்த இ.பி.எஸ்.வி. போர்ட்டை மட்டுமே சொல்வதால் முகவரிக் குழப்பமே இல்லை.

ஜிப் கோப்பு சிதைந்து வந்ததா? உரைக் கோப்புகளுக்கான ஆஸ்கி முறை வரிமுடிவு பைட்டுகளை மாற்றியிருக்கும். பைட்டுகளை மாற்றாமல் அனுப்பும் பைனரி முறையில் மறுபடி இறக்குங்கள்.