கூண்டுக்குள் தானாகவே போய்ப் படுத்தது

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்து 9 நாள் ஆகிறது, நேற்று ராத்திரிதான் முதல் முறையாகக் கூண்டுக்குள் தானாகவே போய்ப் படுத்தது. என் பழைய பனியன் ஒன்றை உள்ளே போட்டிருந்தேன், அதில் மூக்கைப் புதைத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூண்டு பெரிதாக இருந்தால் நல்லது என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடமிருந்தால் போதும், அதற்கு மேல் இருந்தால் ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு இன்னொரு மூலையில் தூங்கும். நடுவில் தடுப்பு வைத்துச் சுருக்கினேன், சரியாகிவிட்டது.

2 மாதக் குட்டியால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், அங்கே மூத்திரம் போனால் அந்த நொடியே ஒரு சின்னத் தின்பண்டம். ராத்திரிக்கு அலாரம்.

வீட்டுக்குள்ளேயே போய்விட்டால், தயவுசெய்து மூக்கைப் பிடித்துத் தரையில் தேய்க்காதீர்கள், அடிக்காதீர்கள். அதற்கு எதற்கென்றே புரியாது, பயந்துபோய் அப்புறம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு மூத்திரம் போகும். வாடை போகத் துடையுங்கள், வாடை இருந்தால் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும்.

இதோ, தரையை மோந்துகொண்டே வட்டமடிக்கிறது. வந்துட்டேன்டா கண்ணா!