பயற்றுக்கும் உளுந்துக்கும் பிறந்த செடி

சோயாவின் காட்டு உறவுகளைப் பற்றி முதுகலை வகுப்பில் படித்தது மனத்தை விட்டு அகலவில்லை. கிழக்காசியாவில் தானாக வளரும் கிளைசின் சோஜா என்ற காட்டுச் சோயாவுடன் பயிர்ச் சோயா எளிதாகக் கலக்கும். பிறக்கும் செடி பெரும்பாலும் நன்றாகக் காய்க்கும். ஆஸ்திரேலியப் பல்லாண்டு இனங்களுடன் கலந்தாலோ பிஞ்சு பாதியில் உதிரும். கருவை எடுத்துச் சோதனைக்குழாயில் வளர்த்துக் காப்பாற்றினாலும் செடி மலடாகவே நிற்கும்.

அப்படியொரு கலப்பை நானே செய்து பார்க்க ஆசை. ஆனால் காட்டுச் சோயாவுக்கு நான் எங்கே போவேன்? தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் கோ 8 ரகப் பாசிப்பயறும் வம்பன் 8 ரக உளுந்தும் விதைத்தேன். உளுந்துக்கு உள்ள மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய்க்கான எதிர்ப்பைப் பயற்றுக்குக் கொண்டுவர ஆய்வாளர்கள் முயலும் வழி இது. உளுந்து தாயானால் விதை பிடிப்பது அரிது. ஆகவே பயறுதான் தாய்.

மறுநாள் மலரும் மொட்டை முந்தின மாலையே பிடிக்க வேண்டும். இதழ் விரியும் முன்பே பயறு தன் மகரந்தத்தைக் கொட்டிக்கொள்ளும். மகரந்தப்பைகளை மூடியிருக்கும் சுருண்ட படகிதழைக் கூரிய இடுக்கியால் பிரித்துப் பத்து மகரந்தப்பைகளையும் எடுக்க வேண்டும். சூலகத்தில் இடுக்கி பட்டால் மொட்டு உதிரும். முதல் வாரம் எல்லாமே உதிர்ந்தன. கடற்காற்று படாத மாடிப்படி நிழலுக்குத் தொட்டிகளை மாற்றிய பிறகே கை படிந்தது. குழாய்க்கிணற்று நீர் உப்பு. லாரித் தண்ணீரில் தினமும் இரண்டு குடம் அம்மா ஒதுக்கித் தந்தார்.

64 பூக்களில் 5 காய்கள், 11 விதைகள், பெரும்பாலும் சூம்பியவை. முளைத்தது மூன்று. ஒன்று அப்படியே தாயைப் போல இருந்தது. ஏதோ ஒரு மகரந்தப்பையை விட்டிருக்கிறேன். மற்ற இரண்டும் இலையிலும் தண்டின் ரோமத்திலும் பயற்றுக்கும் உளுந்துக்கும் இடைப்பட்டு இருந்தன. கொத்துக் கொத்தாகப் பூத்தன. வீடே பார்த்து மகிழ்ந்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

கல்லூரி ஆய்வகத்தில் அசிட்டோகார்மைன் சாயமிட்டு மகரந்தத்தைப் பார்த்தேன். நல்ல மணி சிவக்கும், மலட்டு மணி நிறம் ஏற்காது. பயற்றின் மணிகள் உருண்டு சிவந்திருந்தன. கலப்பினத்தின் மணிகள் பெரும்பாலும் நிறமின்றிச் சுருங்கிக் கிடந்தன. இரண்டு பயிருக்கும் 22 குரோமோசோம்களே. ஆனாலும் மகரந்தம் உருவாகும்போது நடக்கும் ஒடுக்கற்பிரிவு என்ற செல்பிரிவில் அவை சரியாக இணை சேர்வதில்லை. இந்தச் சோதனை இல்லாமல் கலப்பினம் கிடைத்தது என்று அறிக்கை எழுதுவது அரைகுறை வேலை என்பேன்.

கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளால் குரோமோசோம்களை இரட்டித்தால் காய்க்கும் வளம் திரும்பலாம். அது நஞ்சு, மாடிக்கு ஆகாது. ஆகவே தினமும் காலையில் கலப்பினப் பூக்களில் பயற்றின் மகரந்தத்தைத் தடவினேன். நாற்பது பூக்களுக்குப் பிறகு ஒரு காய் நின்றது. உள்ளே இரண்டு விதைகள். ஒன்றை நேற்று விதைத்தேன். மற்றது சின்னக் கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது.