அடையாள அட்டையோடு அட்ரியாட்டிக் கரையோரம்

ஜேர்மன் குடியுரிமை உள்ளவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போய்வர அடையாள அட்டையே போதும் என்பது இங்கே வாழும் எல்லோருக்கும் தெரியும். ஒன்றியத்தைத் தாண்டி மொண்டெனேக்ரோ, அல்பேனியாவிலும் அந்த அட்டை செல்லும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. இந்தக் கோடையில் நானும் மச்சாளும் குரோவாசியாவின் டுப்ரோவ்னிக்கில் இறங்கி, பஸ்ஸில் மொண்டெனேக்ரோவின் கோட்டோர் போய், அப்படியே அல்பேனியாவின் ஷ்கோடர் வரை போய்வந்தோம். என் கடவுச்சீட்டு வீட்டு அலுமாரியிலேயே இருந்தது.

குரோவாசியா 2023 ஜனவரியில் ஷெங்கனில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத நாடுகளின் கூட்டில், சேர்ந்துவிட்டதால் டுப்ரோவ்னிக் விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வெளியே வந்தோம். எல்லையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கச் சொன்னார்கள். முதலில் குரோவாசியச் சாவடி, அப்புறம் மொண்டெனேக்ரோச் சாவடி, இரண்டிலும் நல்ல வெயிலில் வரிசை. மொண்டெனேக்ரோ அதிகாரி என் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் உயரம், கண்ணின் நிறம், முகவரி எல்லாம் இருக்கும். நான் வீடு மாறியபோது புது முகவரியை ஸ்டிக்கராக ஒட்டித் தந்திருந்தார்கள். அதன் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கடவுச்சீட்டோடு போனால் அங்கே 90 நாள் தங்கலாம், அட்டையோடு போனால் 30 நாள்தான்.

மச்சாளின் கதை வேறு. அவளிடம் இருப்பது ஜேர்மன் வதிவிட அனுமதி அட்டை. அளவில் என்னுடையது மாதிரியே இருக்கும், ஆனால் அது தனியே பயணப் பத்திரம் ஆகாது. இலங்கைக் கடவுச்சீட்டும் கூடவே இருக்க வேண்டும். பக்கத்திலிருக்கும் பிரான்சுக்குப் போனாலும் இதே சட்டம்தான். எல்லையில் சோதனை இல்லையே என்று அட்டையை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஜேர்மனி 2024 செப்டெம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. திரும்பி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

லண்டனுக்கு என் ஜேர்மன் அடையாள அட்டையை நம்பிப் போக முடியாது. 2021 அக்டோபர் 1 முதல், அங்கே ஏற்கனவே வதிவிட உரிமை பெற்ற சிலரைத் தவிர மற்ற ஐரோப்பியர் எல்லோருக்கும் கடவுச்சீட்டு கட்டாயம். 2025 ஏப்ரலிலிருந்து இணையத்தில் முன்கூட்டியே பயண அனுமதியும் எடுக்க வேண்டும். தையில் சித்தி மகளுக்கு அங்கே கல்யாணம். வீட்டில் எல்லோருடைய கடவுச்சீட்டும் எப்போது முடிகிறது என்று இப்போதே பார்த்து வைத்துவிட்டேன்.