தஹாப்பில் மூச்சு விடக் கற்றது

செங்கடலில் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று டேங்க் மாட்டிக்கொண்டு நீருக்கடியில் நீந்துவது, கற்பதென்றால் எகிப்தின் ஷர்ம் எல் ஷேக், ஹுர்காடா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தஹாப் என்பேன். ஷர்மிலிருந்து பஸ் ஏறினால் சினாய் மலைகளுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போய், அகபா வளைகுடாக் கரையில் இறக்கிவிடுவார்கள். பெதுவின் என்ற பாலைவன மக்களின் மீன்பிடிக் கிராமமாக இருந்த ஊர். இப்போது கரை நெடுக டைவிங் கடைகள், தரையில் மெத்தை விரித்த காபிக் கடைகள், முதுகுப்பையோடு வந்து கிளம்ப மனமில்லாமல் தங்கிவிட்டவர்கள். வானம் தெளிவாக இருந்தால் எதிரே சவுதி மலைகள் தெரியும்.

புதிதாகக் கற்கிறவர்களுக்குத் தஹாப் ஏன் நல்லது? பல இடங்களில் படகில் கூட்டிப்போய்க் கடலில் குதிக்கச் சொல்வார்கள். இங்கே பெரும்பாலும் கரையிலிருந்தே இறங்கலாம். டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து, மார்பளவு வந்ததும் காலில் துடுப்பு போன்ற ஃபின்ஸ் போட்டுக்கொண்டால் போதும். நான் பயின்ற லைட்ஹவுஸ் பகுதியில் மணல் தரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சரிகிறது. பக்கத்திலேயே பவளப்பாறை. பயம் வந்தால் நாலு உதை உதைத்து மேட்டுக்கு வந்துவிடலாம் என்ற தைரியம் பாதிப் பயத்தைத் தின்றுவிடும்.

நான் நீச்சல் பழகியது கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கை கட்டி அப்பா இறக்கிவிட்டார். குடுக்கை போனபின் எங்களுக்குள் இருந்த ஒரே பந்தயம், மூச்சை அடக்கி அடிவரை போய் மண் அள்ளி வந்து காட்டுவது. ஸ்கூபாவின் முதல் விதியோ அதற்கு நேர்மாறு: எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கக் கூடாது.

காரணம் எளிது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. கிணற்றில் நாம் கொண்டுபோவது மேலே இழுத்த காற்று. கீழே போகப் போக அது சுருங்கும், மேலே வந்தால் பழைய அளவுக்கே திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில், டேங்கிலிருந்து காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. அங்கே நெஞ்சு நிறைய இழுத்து, அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழிந்துவிடலாம். அதனால்தான் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுக்கும் பயிற்சியில்கூட, சின்னச் சின்னக் குமிழிகளாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

இதெல்லாம் தலைக்குப் புரிந்தது. உடம்புக்குப் புரிய நாளானது. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு, மேல்விளிம்பை அழுத்தி, அண்ணாந்து பார்த்து மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூக்கில் தண்ணீர் பட்டதுமே என் நெஞ்சு தானாக இறுகிவிடும். அலெக்சாண்டிரியாக்காரரான என் ஆசிரியர் ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை. மண்டியிட்டு எதிரே உட்கார்ந்து, கையை நெஞ்சிலிருந்து மெல்ல முன்னே கொண்டுபோய், விடு, விடு என்று சைகை காட்டிக்கொண்டே இருப்பார். அந்தப் பொறுமைக்கு நான் என்றென்றும் கடன்பட்டவள். கோர்ஸ் விலையை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள்.

மூச்சு வசப்பட்டதும் மற்றதெல்லாம் அதன் பின்னாலேயே வந்தது. இழுத்தால் உடம்பு லேசாக எழும், விட்டால் தாழும். கையை அசைக்கவே வேண்டாம். செங்கடலில் உப்பு அதிகம், உடம்பு இன்னும் அதிகமாக மிதக்கும், அதனால் இடுப்பில் ஈயக்கட்டியும் கொஞ்சம் கூடுதல். பாறை ஓரத்தில் ஆரஞ்சு நிறப் பொடிமீன் கூட்டம், கீழே முதுகு முட்களை விரித்தபடி ஒரு சிங்கமீன். அதன் முள்ளில் விஷம் உண்டு. தள்ளி நின்று, மூச்சிலேயே மிதந்தபடி பார்த்தேன். இதற்காகத்தானே இவ்வளவும்!

ஊருக்கு வடக்கே இருக்கும் புளூ ஹோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பவளப்பாறைக்கு நடுவே ஏறத்தாழ நூறு மீட்டர் ஆழக் குழி. ஐம்பது மீட்டருக்கும் கீழே கடலுக்குத் திறக்கும் வளைவு ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப்போய் இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் கரைப் பாறையில் பதித்திருக்கின்றன. புதிதாகக் கற்பவர்கள் வாங்கும் ஓபன் வாட்டர் சான்றிதழுக்கு எல்லை 18 மீட்டர். நான் அங்கே ஸ்நார்க்கல் என்ற மூச்சுக்குழாய் போட்டு மேலே மிதந்ததோடு சரி. அந்த நீலத்தைப் பார்க்க அதுவே தாராளம்.

தஹாப்புக்கு வருகிற பலரும் இரவில் கிளம்பி சினாய் மலையில் சூரிய உதயம் பார்க்கப் போவார்கள். உயரம் 2,285 மீட்டர். டைவிங் முடித்த உடம்பில் கரைந்த நைட்ரஜன் இருக்கும். உயரத்துக்குப் போனால் அது குமிழியாகும் ஆபத்து உண்டு. பல டைவ்களுக்குப் பிறகு விமானம் ஏற குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். ஆகவே மலையை முதலில் ஏறி இறங்கிவிடுங்கள், அப்புறம் கடலுக்கு வாருங்கள். ஏற்கெனவே டைவிங் முடித்தாயிற்று என்றால், ஒரு நாள் முழுக்க அந்த மெத்தைக் கடைகளில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போங்கள்.